கழுவுவதற்கு முன் பாருங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டும் முழுமையான வழிகாட்டி

கியர்பாக்ஸைத் திறந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, உள்ளே இருப்பதையெல்லாம் மண்ணெண்ணெயில் போட்டு அலசுவது. பளபளவென்று வந்த பாகங்களைத் துணியில் பரப்பி வைத்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் பாதிச் செய்தி கழுவிப் போயிருக்கும். அடியில் தங்கிய ஆயிலின் நிறம், வடிகால் பிளக்கில் ஒட்டிய துகள், எந்த வாஷர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது, எந்த ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எதன் பின்னால் இருந்தது என்பதெல்லாம் அழுக்கோடு இருக்கும்போதுதான் தெரியும். நாற்பது ஐம்பது வருஷம் ஓடிய பெட்டிக்கு வேறு மருத்துவக் குறிப்பு கிடையாது. அதனால் கழற்றியதைப் பாருங்கள், அளந்து எழுதுங்கள், அப்புறம் கழுவுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லா வேலைக்கும் இந்த வரிசைதான்.

எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம்

1960, 70களில் வந்த, எஞ்சின் முன்னாலும் ஓட்டம் பின் சக்கரத்திலும் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களின் நாலு கியர் பெட்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணம் தேவைப்படும் இடத்தில் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்கிறேன். 1962இலிருந்து 1980 வரை வந்த அந்தக் காரில், 1967இல் வந்த மார்க் 2இல்தான் ஃபர்ஸ்ட் கியருக்கும் சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) வந்தது. அதற்கு முந்தைய காரில் உருண்டுகொண்டிருக்கும்போது ஃபர்ஸ்ட் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். அது நோய் இல்லை. டிரையம்ப், டாட்சன் போன்றவற்றின் பெட்டிகளும் அடிப்படையில் இதே அமைப்புதான். போர்ஷே 911இல் 1986 வரை இருந்த பெட்டிகளின் சிங்க்ரோ மட்டும் வேறு வகை. இங்கே சொல்லும் ரிங் சோதனைகளை அதில் செய்யாதீர்கள்.

அமைப்பை ஒரு தடவை மனதில் ஓட்டிக்கொள்வோம். கிளட்சிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட், கீழே இருக்கும் லே கியரை எப்போதும் சுற்றும். லே கியரின் பற்கள் மேலே மெயின் ஷாஃப்டில் இருக்கும் கியர்களோடு எப்போதும் கவ்வியபடியே இருக்கும். ஆனால் அந்தக் கியர்கள் மெயின் ஷாஃப்டில் வெறுமனே உருளும், ஷாஃப்டைச் சுற்றாது. நீங்கள் கியர் போடும்போது ஸ்லீவ் என்ற வளையம் நகர்ந்து, அதில் ஒன்றை மட்டும் ஷாஃப்டோடு பூட்டுகிறது. பூட்டுவதற்கு முன்னால் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குவது பித்தளை சிங்க்ரோ ரிங்கின் வேலை. டாப் கியரில் இன்புட் ஷாஃப்ட் நேராக மெயின் ஷாஃப்டோடு பூட்டிக்கொள்ளும். சுமை கீழே இறங்கவே இறங்காது. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். அடுத்த பகுதிக்கு அதுதான் சாவி.

கழற்றும் முன் ஓட்டிப் பாருங்கள்

வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் பெட்டியை இறக்குவதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள்.

நியூட்ரலில் எஞ்சின் ஓட, கிளட்ச் மிதியை விட்டிருக்கும்போது சத்தம் வருகிறது, மிதித்ததும் நின்றுவிடுகிறது என்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கோ, லே கியரைத் தாங்கும் லே ஷாஃப்டின் ஊசி பேரிங்கோ (ஊசி போல மெல்லிய உருளைகள் கொண்டது) போயிருக்கிறது. மிதித்தால்தான் சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங்கையோ ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் புஷ்ஷையோ பாருங்கள். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டில் ஊளையிட்டு டாப் கியரில் அமைதியாகிவிட்டால் கிட்டத்தட்ட சந்தேகமே வேண்டாம், லே ஷாஃப்ட்தான்.

வேகமாகச் செகண்டுக்கு இறக்கும்போது மட்டும் கரகரத்தால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். செகண்ட் ரிங்தான் பொதுவாக முதலில் போகும், ஏனென்றால் அதுதான் அதிக வேக வித்தியாசத்தைச் சமன்செய்து உழைக்கிறது. ஆனால் எல்லாக் கியரும் கஷ்டப்பட்டு விழுகிறது, ரிவர்ஸ் போட்டாலும் நசநசவென்று அரைக்கிறது என்றால் கியர்பாக்ஸைத் தொடாதீர்கள். ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் சிங்க்ரோவே கிடையாது. அங்கே அரைப்பது கிளட்ச் முழுதாக விடுபடாததால். மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ஹோஸ், உள்ளே புகுந்த காற்று ஆகியவற்றைச் சரிசெய்தாலே பல பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவது வேறு கதை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதா, விடும்போதா எனக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லீவ் பற்கள், செலக்டர் ஸ்பிரிங், ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் என மூன்று சந்தேக இடங்கள் உண்டு. அதைப் பிரிக்கும்போதுதான் தீர்மானிக்க முடியும்.

கருவிகள்

சாதாரண ஸ்பானர் செட்டோடு சர்க்ளிப் பிளையர் இரண்டு வகையும், பேரிங் புல்லரும், ஃபீலர் கேஜும், 0.01 மி.மீ. படிக்கும் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும், டார்க் ரெஞ்சும், பித்தளை அல்லது தாமிர டிரிஃப்டும் (வைத்துத் தட்டும் கம்பி) வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ் சொந்தமாகத் தேவையில்லை. ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். அந்தக் காருக்குரிய ஒர்க்ஷாப் மேனுவல் கட்டாயம். நான் தரும் எண்கள் தேய்மானத்தை எடைபோடக் கற்றுக்கொடுக்கத்தான். உங்கள் பெட்டிக்கான கடைசி வார்த்தை அந்த மேனுவலில் இருப்பதுதான்.

இன்னொரு கருவியை நீங்களே கடைய வேண்டும். டம்மி ஷாஃப்ட் என்பார்கள். லே ஷாஃப்டைவிடத் துளி மெலிந்து, லே கியரும் இரு பக்க வாஷரும் சேர்ந்த நீளத்துக்குச் சரியாக இருக்கும் ஓர் உருட்டுக் கம்பி. எஃகோ, அலுமினியமோ, கெட்டியான மரமோ போதும். இது இல்லாமல் லே கியரை ஏற்ற முடியும்தான். ஆனால் ஊசிகள் சிந்திச் சிந்தி ஒரு மாலை நேரம் முழுக்கப் போய்விடும்.

இறக்குவது

முதலில் ஆயில் ஊற்றும் பிளக்கைத் தளர்த்திப் பாருங்கள். அது வராவிட்டால் வடிகால் பிளக்கைத் தொடாதீர்கள். ஆயிலை வடித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

எந்த வழியாக இறக்குவது என்பது காருக்குக் கார் மாறும். டிரையம்ப் டிஆர் வண்டிகளில் உள்ளே இருக்கும் மூடியைக் கழற்றி, பெட்டியைக் காருக்குள்ளேயே தூக்கி எடுத்துவிடலாம். எம்ஜிபியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகச் சேர்த்து மேலே தூக்குவதுதான் வழக்கம். ப்ராப்பெல்லர் ஷாஃப்டின் ஃப்ளாஞ்ச் இரண்டிலும் குறி போட்டுவிட்டுக் கழற்றுங்கள். எஞ்சினிலிருந்து பெட்டியைப் பிரிக்கும்போது அதன் எடை ஒரு நொடிகூடக் கிளட்ச் டிஸ்கில் தொங்கக் கூடாது. இன்புட் ஷாஃப்டோ டிஸ்கின் நடுப்பகுதியோ வளைந்துவிடும்.

பெல் ஹவுசிங்கில் படிந்திருக்கும் கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து டிஸ்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

ஆயிலை வாசிப்பது

வெளிப்புறத்தை மட்டும் நன்றாகச் சுரண்டிக் கழுவுங்கள். உள்ளே போகப்போகிற மண்ணை வெளியிலேயே நிறுத்தத்தான். பிறகு ஆயிலை வெள்ளைப் பாத்திரத்தில் வடித்து, ஓர் இரவு அப்படியே விடுங்கள்.

அடியில் சாம்பல் நிறத்தில் குழைவாக, விரலில் தேய்த்தால் உறுத்தாமல் இருப்பது சாதாரணத் தேய்மானம். வெளிச்சத்தில் தங்கப்பொடி மாதிரி மின்னினால் அது சிங்க்ரோ ரிங்கோ கியரின் முன்பின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் பித்தளை த்ரஸ்ட் வாஷரோ கரைந்தது. மீன் செதில் போல மெல்லிய எஃகுத் தகடு கிடைத்தால் எங்கோ கடினப்படுத்திய மேற்பரப்பு உரிந்திருக்கிறது: லே ஷாஃப்ட், பேரிங் பாதை அல்லது கியர் பல். காந்தத்தை ஓட்டி எஃகையும் பித்தளையையும் பிரித்துப் பாருங்கள். முழு ஊசி ஒன்று கிடைத்தால் பெட்டியின் மற்ற எல்லாப் பல்லையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், ஏனென்றால் அது எதற்கிடையிலோ போய்வந்திருக்கிறது.

பிரிப்பது

மேல் மூடியையோ பக்க மூடியையோ எடுத்ததும் முதலில் கையை வைக்காமல் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அப்புறம் ஃபீலர் கேஜை எடுத்து, லே கியருக்கும் த்ரஸ்ட் வாஷருக்கும் நடுவில் எவ்வளவு ஆட்டம் என்று அளந்து எழுதுங்கள். எம்ஜிபி பெட்டியில் இது 0.05லிருந்து 0.08 மி.மீ. வரைதான் இருக்க வேண்டும். இதைவிட நாலைந்து மடங்கு ஆட்டத்தை அனுமதிக்கும் பெட்டிகளும் உண்டு. மெயின் ஷாஃப்டில் ஒவ்வொரு கியரின் முன்பின் ஆட்டத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். பிரித்துவிட்டால் பழைய நிலை திரும்பக் கிடைக்காது.

கியரை மாற்றும் செலக்டர் ராடுகளை உருவும்போது, அவற்றை அந்தந்த இடத்தில் பிடித்துவைக்கும் டீட்டென்ட் பாலும் ஸ்பிரிங்கும் தெறிக்கும். ஒரு கையால் துணியைப் போர்த்தி மூடிக்கொண்டே ராடைத் தள்ளுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ராடுகளுக்கு நடுவே சின்ன உருளையாகவோ பாலாகவோ இருப்பது இன்டர்லாக். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாமல் தடுப்பது அதுதான். அதை எண்ணி, எந்த ஓட்டையில் இருந்தது என்று எழுதித் தனி உறையில் போடுங்கள். அதை விட்டுவிட்டுக் கட்டினால் பெட்டி நன்றாக ஓடுவது போலத்தான் இருக்கும், இரண்டு கியர் ஒன்றாக விழுந்து பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும் நாள் வரை.

இனி லே ஷாஃப்ட். டம்மி ஷாஃப்டை ஒரு முனையில் வைத்து, அதாலேயே லே ஷாஃப்டை மறுபக்கமாகத் தட்டி வெளியேற்றுங்கள். டம்மி உள்ளே போகப் போக, ஊசிகள் சிந்தாமல் லே கியர் மெதுவாகப் பெட்டியின் அடியில் படுத்துக்கொள்ளும். இப்போது பற்கள் விலகிவிட்டதால் இன்புட் ஷாஃப்டை முன்னாலும் மெயின் ஷாஃப்டைப் பின்னாலும் உருவலாம். ரிவர்ஸுக்கான நடுக் கியரான ஐட்லர் கடைசியில்.

மெயின் ஷாஃப்டைப் பிரிக்கும்போது ஹப்புக்கும் (ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் நடுப்பகுதி) அதன் மேல் நகரும் ஸ்லீவுக்கும் குறி போடாமல் கழற்றவே கூடாது. அவை ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. பல் மாற்றி மாட்டினால் ஸ்லீவ் ஒரு இடத்தில் இறுக்கும், ஒரு இடத்தில் தளரும். எந்த முகம் முன்பக்கம் என்பதையும் குறியுங்கள். கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் ஒரு கம்பியில் கோத்துவிடுங்கள்.

இப்போது கழுவி, தேய்மானம் பார்ப்பது

லே ஷாஃப்டிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பெட்டிகளில் அந்த ஷாஃப்ட் சுழலாது. லே கியர்தான் அதன் மேல் சுழலும். ஆகவே சுமை எப்போதும் ஒரே பக்கத்தில்தான் விழும். ஷாஃப்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஊசிகள் ஓடிய பாதையில் கட்டைவிரல் நகத்தை நீளவாக்கில் மெதுவாக இழுங்கள். ஒரு பக்கம் கண்ணாடி போல வழுக்கும். அரைச் சுற்று திருப்பியதும் நகம் டிக் டிக் என்று தட்டும். கண்ணுக்குப் பொடிப்பொடிக் குழியாகத் தெரியும். அந்த ஊளைச் சத்தம் இங்கிருந்துதான் வந்தது. குழி ஒன்றே ஒன்று இருந்தாலும் ஷாஃப்டை மாற்றுங்கள். கூடவே ஊசிகள் முழு செட்டையும் மாற்றுங்கள். லே கியரின் உள்துளையையும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே உரிந்திருந்தால் செலவு பெரிதாகும், ஆனாலும் தப்பிக்க வழியில்லை.

புது ஷாஃப்டை வாங்கியதும் நம்பி மாட்டிவிடாதீர்கள். இதை எனக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்தது. அளவு கச்சிதமாக இருந்த ஒரு புது ஷாஃப்டை மாட்டி, ஒரு கோடைகாலம் ஓடுவதற்குள் பழைய ஊளை திரும்ப வந்தது. பிரித்துப் பார்த்தால் பழையதைவிட மோசமாக உரிந்திருந்தது. எஃகைச் சரியாகக் கடினப்படுத்தவே இல்லை. அதிலிருந்து ஊசி ஓடாத முனையில் கூர்மையான புது அரத்தை லேசாக இழுத்துப் பார்ப்பேன். சரியான ஷாஃப்டில் அரம் கண்ணாடியில் இழுத்தது போல வழுக்கிக்கொண்டு போகும். கடித்துத் துகள் எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு சந்தேகம் இருக்கும்போது, தேயாத பழைய தொழிற்சாலை ஷாஃப்ட் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

அடுத்து சிங்க்ரோ ரிங். உள்பக்கம் நூல்போல மெல்லிய வரிகள் வெட்டியிருக்கும். ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டு கியரின் கூம்பு முகமான கோனைப் பிடிப்பது இந்த வரிகளின் கூர்முனைதான். முனை மழுங்கித் தட்டையாகிவிட்டால் ரிங் ஆயிலின் மேல் மிதக்கும், பிடிக்காது. கோனில் ஒரு துளி ஆயில் தடவி, ரிங்கை அழுத்தித் திருகிப் பாருங்கள். நல்ல ரிங் வெடுக்கென்று பிடித்துக்கொள்ளும். பிறகு ரிங்கை அழுத்திப் பிடித்தபடி, அதன் பற்களுக்கும் கியரின் சிறு பற்களுக்கும் நடுவே ஃபீலர் கேஜை மூன்று இடத்தில் விட்டு அளங்கள். புதிதில் 1 மி.மீ.க்கு மேல் இருக்கும் இந்த இடைவெளி 0.8 மி.மீ. பக்கம் வந்தால் பல பெட்டிகளில் ரிங்கின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். மூன்று இடத்திலும் ஒரே அளவு வராவிட்டால் ரிங் கோணியிருக்கிறது. புது ரிங்கையும் இப்படி அளந்துதான் மாட்ட வேண்டும். புது ரிங்கிலும் இடைவெளி குறைவாக வந்தால் தேய்ந்தது கியரின் கோன்.

கிரைண்டிங் பேஸ்ட் போட்டு ரிங்கைக் கோனோடு தேய்த்து உட்கார வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேஸ்ட்டின் துகள் பித்தளையில் புதைந்து, அதற்குப் பிறகு கோனை அரைத்துக்கொண்டே இருக்கும்.

கியரின் சிறு பற்கள் முனையில் கூரை போலச் சரிந்து கூராக இருக்க வேண்டும். உருண்டு போயிருந்தால் புது ரிங் போட்டாலும் கரகரப்பு முழுதாகப் போகாது. ஸ்லீவின் உள்பற்களைப் பக்கவாட்டில் பாருங்கள். அவை முனையைவிட உள்ளே சற்று மெலிந்திருக்கும். கியர் கழன்று வராமல் இழுத்துப் பிடிப்பது அந்தச் சரிவு. அது தேய்ந்து நேராகிவிட்ட பெட்டிதான் ஆக்சிலரேட்டரை விட்டதும் கியரைத் துப்பும். இதற்கு ஸ்பிரிங் மாற்றிப் பயனில்லை.

ஸ்லீவை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க்கை அதன் பள்ளத்தில் வைத்து ஆட்டம் பாருங்கள். 1 மி.மீ.ஐ நெருங்கினால் ஃபோர்க்கை மாற்றலாம். ஒரு பக்கம் மட்டும் நீலம் பாரித்துத் தேய்ந்திருந்தால் ஓட்டியவர் லீவரில் கையை ஊன்றியபடியே ஓட்டியிருக்கிறார்.

பெரிய பற்களில் லேசான மினுமினுப்பு பரவாயில்லை. மேற்பரப்பில் குழியோ, முனையில் உடைசலோ இருந்தால் கியரை மட்டும் மாற்றாமல் அதோடு கவ்வும் ஜோடியையும் சேர்த்துப் பாருங்கள். பழைய பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் ஊளை நிச்சயம்.

பால் பேரிங்குகளைப் பொறுத்தவரை, இவ்வளவு தூரம் வந்த பிறகு பழையதைத் திரும்பப் போடுவதில் அர்த்தம் இல்லை. கழற்றியதன் பக்கத்தில் பொறித்த எண்ணைப் படித்து, அதே அளவில் நல்ல தயாரிப்பை வாங்குங்கள். 6206 என்றால் உள் விட்டம் 30, வெளி விட்டம் 62, அகலம் 16 மி.மீ.; எங்கே வாங்கினாலும் இதுதான். பள்ளமும் ஸ்னாப் ரிங்கும் உள்ள வகையா, சி3 எனப்படும் கூடுதல் இடைவெளி கொண்டதா என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேரிங்கைக் கழுவியபின் காற்றடித்துச் சுழலவிடுவது கூடவே கூடாது. ஆயில் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் புது பேரிங்கும் கெட்டுவிடும், சிதறினால் ஆளையும் காயப்படுத்தும்.

கட்டுவது

பேரிங்கை அடித்து ஏற்றாதீர்கள். பெட்டி அலுமினியம் என்றால் வெப்பமே பாதி வேலையைச் செய்துவிடும். அலுமினியம் எஃகைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 70 மி.மீ. துளை கொண்ட பெட்டியை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை சுமார் 0.13 மி.மீ. பெரிதாகும். குளிர்ந்த பேரிங் அதில் தானாக விழுந்து உட்காரும். ஷாஃப்டில் ஏற்றும்போது பேரிங்கைச் சூடாக்கலாம், 120 டிகிரியைத் தாண்டாமல். அழுத்த வேண்டி வந்தால் ஒரு விதியை மறக்காதீர்கள்: ஷாஃப்டில் ஏற்ற உள்வளையத்தையும் துளையில் ஏற்ற வெளிவளையத்தையும் அழுத்த வேண்டும். அழுத்தம் நடுவில் இருக்கும் பால் வழியாகப் போகவே கூடாது.

ஹப்பின் ஸ்பிரிங்கும் பாலும் சேர்த்து ஸ்லீவுக்குள் நுழைப்பது பொறுமையைச் சோதிக்கும். ஒரு ஹோஸ் கிளாம்ப்பை பால்களைச் சுற்றி இறுக்கி, அவை உள்ளே அமுங்கியதும் ஹப்பை ஸ்லீவுக்குள் தள்ளினால் கிளாம்ப் தானாக நழுவிவிடும். போட்ட குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

மெயின் ஷாஃப்டில் ஒவ்வொரு கியரையும் ஆயில் தடவி ஏற்றுங்கள். ஏற்றிய ஒவ்வொன்றும் விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். ஹப்பில் சாவிகள் (சின்ன எஃகுத் துண்டுகள்) இருந்தால், அவை ரிங்குகளின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பின் ஆட்டத்தைத் திரும்ப அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரிய நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகு மறுபடி சுற்றிப் பாருங்கள். இறுக்கியதும் ஒரு கியர் பிடித்துக்கொண்டால் நடுவில் ஏதோ வாஷர் தப்பாக இருக்கிறது. புது டேப் வாஷரைப் போட்டு மடக்குங்கள். ஒருமுறை மடங்கிய பழைய டேப் மறுபடி மடக்கினால் உடையும்.

லே கியருக்கு வருவோம். டம்மி ஷாஃப்டை உள்ளே விட்டு, அதைச் சுற்றி ஊசிகளை வாஸலினில் ஒட்டவையுங்கள். கெட்டி கிரீஸைவிட வாஸலின் நல்லது. சூடானதும் ஆயிலோடு கரைந்துவிடும். ஊசிகள் கூண்டில் இல்லாமல் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொரு முனைக்கும் எத்தனை என்று எண்ணி வையுங்கள். இரு முனை எண்ணிக்கையும் சரியாக வரும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். த்ரஸ்ட் வாஷர்களைப் பெட்டியின் சுவரில் வாஸலினால் ஒட்டி, அவற்றின் காது பள்ளத்தில் விழுகிறதா என்று பாருங்கள். லே கியரைப் பெட்டிக்குள் வைத்து, முதலில் மெயின் ஷாஃப்டும் இன்புட் ஷாஃப்டும் இல்லாமலேயே உண்மையான லே ஷாஃப்டைப் போட்டு முன்பின் ஆட்டத்தை அளங்கள். மேனுவல் சொல்லும் எல்லைக்குள் வராவிட்டால் வேறு தடிமன் வாஷர். இந்த இடத்தில் அவசரப்பட்டால் முழுப் பெட்டியையும் திரும்பப் பிரிக்க நேரும்.

சரியாக வந்ததும் டம்மியைத் திரும்ப உள்ளே விட்டு, லே கியரின் இரு முனைக்கும் கீழே ஒவ்வொரு துண்டு நூலைக் கொடுத்து, மெதுவாக அடியில் இறக்குங்கள். நூலின் நுனிகள் பெட்டிக்கு வெளியே தொங்கட்டும். மெயின் ஷாஃப்டைப் பின்னாலும், அதன் மூக்கில் சின்ன ரோலர்களோடு இன்புட் ஷாஃப்டை முன்னாலும் ஏற்றுங்கள். நடுவில் டாப் கியரின் சிங்க்ரோ ரிங்கை மறந்துவிடாதீர்கள். அதை மறந்து முழுதாக மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு நூலைப் பிடித்து லே கியரைச் சமமாகத் தூக்குங்கள். பற்கள் கவ்விக்கொள்ள இன்புட் ஷாஃப்டைக் கொஞ்சம் அசைத்துக் கொடுங்கள். துளைகள் நேரானதும் லே ஷாஃப்டை ஆயில் பூசி உள்ளே தள்ள, அது டம்மியை மறுபக்கம் தள்ளிக்கொண்டு வெளியேற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இழைகூட இடைவெளி விடாமல் முட்டியபடியே தள்ளுங்கள். இடைவெளி விட்டால் ஒரு ஊசி அங்கே விழுந்துவிடும். முடிந்ததும் நூலை உருவிவிடலாம்.

செலக்டர் ராடுகள், இன்டர்லாக், டீட்டென்ட் எல்லாம் கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில். டீட்டென்ட் ஸ்பிரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள். ஃபோர்க் போல்ட்டுகளுக்கு லாக் வயர் இருந்தால், வயரின் இழுப்பு போல்ட்டை இறுக்கும் திசையில் இருக்கும்படி சுற்றுங்கள்.

முன் மூடியின் கேஸ்கெட் வெறும் காகிதம் இல்லை. அதன் தடிமன்தான் பல பெட்டிகளில் பேரிங்கின் மேல் எவ்வளவு அழுத்தம் விழும் என்பதை முடிவுசெய்கிறது. கையால் வெட்டிய தடித்த கேஸ்கெட்டைப் போட்டு, பேரிங் முன்பின் ஆட விடாதீர்கள். சீலண்ட் தேவைப்பட்டால் மெல்லிய படலம் போதும். பிதுங்கி உள்ளே போகும் கட்டி ஆயில் வழியை அடைக்கும். ஆயில் சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டே ஷாஃப்டில் ஏற்றுங்கள்.

ஓவர்டிரைவ் (பெட்டியின் பின்னால் சேரும் கூடுதல் கியர் அமைப்பு) உள்ள பெட்டி என்றால் இன்னொரு சிக்கல் சேரும். லேகாக் ஓவர்டிரைவுக்குள் இரண்டு இடத்தில் ஸ்ப்ளைன் (ஷாஃப்டோடு பூட்டும் நீளவாக்குப் பற்கள்) உண்டு. இரண்டும் நேராக இருந்தால்தான் மெயின் ஷாஃப்ட் உள்ளே போகும். நீண்ட ஸ்க்ரூடிரைவரால் அவற்றை நேராக்கிவிட்டு, பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி ஏற்றுங்கள். கடைசி ஒரு சென்டிமீட்டர் போகவில்லை என்று போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், ஏதாவது உடையும். கழற்றி மறுபடி நேராக்குங்கள்.

மேசையில் சோதனை

பெட்டியைக் காரில் ஏற்றும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். இன்புட் ஷாஃப்டிலும் பின் ஃப்ளாஞ்சிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு, பின் ஃப்ளாஞ்ச் சரியாக ஒரு சுற்று வரும் வரை இன்புட்டைச் சுற்றுங்கள். நாலு சிங்க்ரோ எம்ஜிபியில் ஃபர்ஸ்டில் 3.44 சுற்றும், செகண்டில் 2.17ம், தேர்டில் 1.38ம், டாப்பில் சரியாக ஒன்றும் வர வேண்டும். எண் மாறினால் ஸ்லீவோ ஃபோர்க்கோ இடம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு கியரிலும் பத்துச் சுற்று சுற்றும்போது ஒரே இடத்தில் இடறுகிறதா என்று கையில் உணருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடறினால் பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டு கியரை ஒரே சமயத்தில் போட முயலுங்கள், முடியவே கூடாது.

ஏற்றுவது, ஆயில், முதல் ஓட்டம்

கிளட்சும் ரிலீஸ் பேரிங்கும் பைலட் புஷ்ஷும் இப்போது கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. புதிதாகப் போடுங்கள். பைலட் புஷ் நுண்துளை வெண்கலம் என்றால் அதற்கு ஒரு அழகான வழி உண்டு. புஷ்ஷின் ஒரு முனையைக் கட்டைவிரலால் மூடி, உள்ளே எஞ்சின் ஆயிலை நிரப்பி, மறு முனையில் இன்னொரு கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். சில நொடியில் வெளிப்பக்கம் முழுக்க ஆயில் வியர்த்தது போலத் துளிர்க்கும். அப்போதுதான் அது உண்மையில் ஆயில் குடித்திருக்கிறது. எம்ஜிபியில் ரிலீஸ் பேரிங் கார்பனால் ஆனது. சிக்னலில் மிதியின் மேல் கால் வைத்தே நின்றால் சீக்கிரம் தேயும்.

கிளட்ச் டிஸ்கை நடுப்படுத்தும் கருவியோடு இறுக்குங்கள். எஞ்சினில் இரண்டு நீண்ட ஸ்டடுகளை வழிகாட்டியாகப் போட்டுப் பெட்டியைத் தள்ளினால் நேராகப் போகும். போல்ட்டை இறுக்கி இழுத்து ஒட்டவைக்கக் கூடாது என்பது இங்கேயும் பொருந்தும்.

ஆயில் விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கியர்பாக்ஸ் என்றாலே கெட்டியான கியர் ஆயில் என்று நினைத்து ஜிஎல்-5 ஊற்றுவார்கள். அதில் இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஹைபாய்டு பல் கொண்ட டிஃபரன்ஷியலுக்கு நல்லது. ஆனால் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடியது. சிங்க்ரோவுக்கு வேண்டிய உராய்வையும் குறைத்துவிடும். கியர் ஆயில் கேட்கும் பெட்டிக்கு ஜிஎல்-4 போடுங்கள். எம்ஜிபி பெட்டிக்கோ தயாரித்தவர்களே சொன்னது 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில். ஓவர்டிரைவும் அதே ஆயிலைக் குடிப்பதால் வழுக்கலைக் கூட்டும் எந்த அடிட்டிவும் வேண்டாம். உள்ளே இருக்கும் கோன் கிளட்ச் நழுவும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்புங்கள். ஓவர்டிரைவ் இருந்தால் கொஞ்சம் ஓட்டிவிட்டு அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் கியரை நிதானமாக மாற்றுங்கள். புது ரிங்கின் வரிகள் கோனோடு பழக நேரம் வேண்டும். குளிர்ந்திருக்கும்போது செகண்ட் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். சூடானதும் சரியாகிவிட்டால் கவலை வேண்டாம். 500 கிலோமீட்டரில் ஆயிலைச் சூடாக வடித்து, அதே வெள்ளைப் பாத்திரத்தில் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். கொஞ்சம் தங்கப்பொடி இருக்கும்; அது புது ரிங் உட்கார்ந்ததன் அடையாளம். எஃகுச் செதில் எதுவும் இருக்கக் கூடாது. முதலில் வடித்த ஆயிலின் போட்டோவை எடுத்து இதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஷிம், வாஷர் அளவுகள் எழுதிய தாளையும் அந்தப் போட்டோக்களையும் காரின் காகிதங்களோடு வைத்துவிடுங்கள். பழைய லே ஷாஃப்டையும் ஆயில் தடவித் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். அடுத்த முறை புது ஷாஃப்ட் வாங்கும்போது, ஊசி ஓடாத பகுதியின் விட்டத்தையும் கடினத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.